முள்ளிவாய்க்காலுக்கு அண்ணாவோடு

2025 மே 10 கனடாவின் பிரம்ப்டனில் தமிழினப்படுகொலை நினைவுத்தூபி திறந்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். அடுத்த சில நாளிலேயே ஊருக்குப் பறந்தேன். 2009இல் போர் முடிந்த மே 18ஐ, கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்கால் மண்ணில் நின்று நினைவுகூர்ந்தது எனக்கு இதுதான் முதல்முறை.

ஒன்றுவிட்ட அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போனேன். போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் செல் (எறிகணை) துண்டு முதுகில் பட்டு, 2009இலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர். வான் நின்ற இடத்திலிருந்து நினைவு முற்றத்துக்குப் போகும் வழியில் மணல். சக்கர நாற்காலியின் முன் சில்லு இரண்டும் புதைந்துவிட்டன. முகம் தெரியாத நாலு பெடியள் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். காலை 10.30க்குச் சுடர் ஏற்றினார்கள். பக்கத்தில் ஒரு அம்மா, மண்ணில் ஊன்றிய பந்தத்துக்கு முன்னால் பிஸ்கற் பக்கற் ஒன்றைப் பிரித்து வைத்து, "சாப்பிடு ராசா" என்றா. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அப்புறம் சிரட்டையில் கஞ்சி தந்தார்கள். அரிசி, உப்பு, தண்ணீர். பதுங்குகுழிக்குள் கிடந்த சனத்துக்குக் கிடைத்த அதே கஞ்சி. அண்ணா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அடுத்த நாள் அவருடைய உதவித்தொகை விஷயமாக ஒரு அரச அலுவலகத்துக்குப் போனோம். அலுவலர் மேல்மாடியில். சாய்தளமும் இல்லை, லிப்டும் இல்லை. நான் மட்டும் ஏறிப்போய்க் கேட்டால், "ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்கிறார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வர வசதி செய்யவேண்டும் என்று இலங்கையில் 2006இலேயே ஒழுங்குவிதி வந்தது. அதைச் செய்து முடிக்கக் கொடுத்த அவகாசம் மூன்று வருஷம்.

இதை விடாமல் கேட்பவர்கள், பாதிக்கப்பட்டவர்களேதான். மாங்குளத்தில் உயிரிழை என்று முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பு ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர்களும் அதே காயக்காரர். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987இலிருந்து செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. வழியில் அண்ணாவுடைய சிநேகிதி ஒருவரைச் சந்தித்தோம், அவவும் சக்கர நாற்காலிதான். பிரதேச செயலகம், பாடசாலை, வங்கி என்று ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதி, பிரதியைக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறா. பதில் வந்த பக்கத்தில் மட்டும் மூலையை மடித்திருந்தா. மடித்த பக்கம் மிகக் குறைவு.

கதைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாவும் அவவும் இடைக்கிடை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கினார்கள். அப்படிச் செய்யாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்கவேண்டும்; கிருமி இரத்தத்தில் ஏறினால் உயிரே போகும். செல்லுக்குத் தப்பி வந்தவர்கள் புண்ணுக்குச் சாகலாமா?

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நாங்கள் சேர்ந்து காசு போட்டு அனுப்புகிற நாற்காலி பெரும்பாலும் வைத்தியசாலைத் தரைக்குச் செய்தது, வன்னி மணலில் ஓடாது. கேட்டு அனுப்புங்கோ. நான் வெளிக்கிடும்போது அண்ணா ஒரு துண்டுக் கடதாசி தந்தார்: காற்று மெத்தை, 16ஆம் நம்பர் கதீற்றர் (சிறுநீர் எடுக்கிற குழாய்), யூரின் பை, நாற்காலிச் சில்லுக்கு டியூப் இரண்டு. கீழே சிநேகிதியின் கையெழுத்தில் இன்னொரு வரி: கடிதம் எழுத ஒரு பெரிய கொப்பி.