ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைக் கூட்டமாகப் படிப்பது: நெடுநாள் அனுபவம்

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் வீட்டில் அந்தப் புத்தகம் கட்டாயம் இருக்கும். ஏ முதல் இசட் வரை சொற்பட்டியல், இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழில் ஒற்றை வரிப் பொருள். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சிஜிஎல் முதற்கட்டத் தேர்வில் 100 கேள்விகளுக்கு 25 ஆங்கிலத்திலிருந்து வருவதால் நானும் அதை மனப்பாடம் செய்தவன்தான். தேர்வெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தபிறகும் பழக்கம் விடவில்லை. புத்தகம் போய் ஒரு நோட்டு, லாங்மேன் அகராதி, சொல்லை அட்டை அட்டையாகக் காட்டி நினைவூட்டும் ஆன்கி செயலி கைப்பேசியில் என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தனை காலத்தில் எனக்குத் தெளிவானது இது: தொடக்க எழுத்துகளுக்குள் பொருள் இருந்தால் சொற்களைக் கூட்டமாகப் படிக்கலாம், லாபம் அதிகம். எழுத்து மட்டுமே ஒத்துப்போகிறது என்றால் அந்தச் சொற்களை ஒரே நாளில் தொடவே கூடாது. பட்டியல் புத்தகங்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை.

டபிள்யூ, ஆர் இரண்டும் சேர்ந்து தொடங்கும் சொற்களைப் பாருங்கள். ரிங் என்றால் துணியைப் பிழிவது, ரெஞ்ச் என்றால் திருகுவது, பிளம்பர் கையில் இருக்கும் ரெஞ்சும் அதுதான். ரிஸ்ட் சுழலும் மணிக்கட்டு. ரிகில் நெளிவது. ரீத் வளைத்துக் கட்டிய மலர்வளையம். மல்யுத்தத்துக்கான ரெஸில், வலியில் துடித்து முறுக்கிக்கொள்வதற்கான ரைத், எல்லாமே முறுக்கல்தான். 'தவறு' என்று நாம் படித்த ராங்குக்குக்கூடப் பழைய பொருள் கோணல். ஒரு காலத்தில் அந்த டபிள்யூவை வாய்விட்டே உச்சரித்தார்கள். ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. தமிழருக்கு இது புதிதே அல்ல. சுற்று, சுழல், சுழி, சுருள், சுருட்டு என்று 'சு' நம்மிடம் அதே வேலையைச் செய்கிறது. இதைக் கவனித்த அன்றே அந்தப் பக்கம் மனத்தில் ஏறிவிட்டது, திரும்பப் படிக்கத் தேவைப்படவில்லை.

ஜி, எல் கூட்டமும் அப்படியே: க்ளீம், க்ளிட்டர், க்ளோ, க்ளிம்மர், க்ளின்ட், எல்லாம் ஒளி. நம் மின், மினுக்கு, மினுமினு, மின்மினி வரிசையை நினைத்துக்கொள்ளலாம். மகிழ்ச்சியைச் சொல்லும் க்ளாட்கூடப் பழைய ஆங்கிலத்தில் 'ஒளிர்கிற' என்ற பொருளில்தான் இருந்தது. இப்படி ஒரு பொருளோடு ஒட்டிவரும் தொடக்க ஒலிகளுக்கு ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1930-இல் ஃபோனஸ்தீம் என்று பெயரிட்டார். ஆனால் இது விதி இல்லை, போக்கு மட்டுமே. கையுறைக்கான க்ளவ் எந்த ஒளியையும் தராது.

அடுத்து முன்னொட்டுகள். சி, ஓ, என் என்று தொடங்கும் சொற்கள்தான் என் நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தவை. லத்தீனில் 'உடன்', 'சேர்ந்து' என்ற பொருள் அதற்கு. கன்ஸ்பயர் என்றால் சேர்ந்து மூச்சுவிடுவது, அதாவது காதோடு காது வைத்துச் சதி செய்வது. பி-க்கு முன்னால் என் என்பது எம் ஆகிவிடும்: கம்பேனியன் என்பவர் உடன் ரொட்டி உண்பவர். இந்த மாற்றம் நமக்கு மரம் மரங்கள் ஆவதைப் போன்றதுதான். இன் என்பது பி-க்கு முன்னால் இம் ஆகி இம்பாசிபிள் வருவதை எந்தத் தமிழ் மாணவனுக்கும் புணர்ச்சி விதியாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இதே கூட்டத்தில்தான் வழுக்கும் இடமும் இருக்கிறது. கான்ட்ராஸ்ட், கான்ட்ரடிக்ட் ஆகியவையும் அதே மூன்று எழுத்தில்தான் தொடங்குகின்றன, ஆனால் அங்கே இருப்பது 'எதிர்' என்ற கான்ட்ரா. கன்ட்ரோல் அந்த வீட்டுப் பிள்ளை: கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ப்பிரதிச் சுருளிலிருந்து வந்த சொல். 'இன்' இன்னும் மோசம். இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, சரி. இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. நம்மூர் டேங்கர் லாரிகளின் பின்னால் எழுதியிருக்கும் இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அந்த 'இன்' மறுப்பு இல்லை, 'உள்ளே' என்ற பொருளில் வருவது. இம்பார்ட்டன்ட்டில் இருப்பதும் அதுவே. இந்தக் குழப்பத்தால் ஆபத்து வரும் என்று அஞ்சித்தான் 1920-களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஃப்ளேமபிள் என்றே எழுதும்படி வலியுறுத்தியது. முன்னொட்டை வைத்துப் பொருளை ஊகிக்கலாம். அகராதியைத் திறந்து பார்க்காமல் ஊகத்தை நோட்டில் எழுதக் கூடாது.

எழுத்து மட்டும் ஒத்துப்போகும் ஜோடிகள்தான் இந்த முறையின் பெரிய குறை. நடுவில் ஏ வரும் அடாப்ட், ஓ வரும் அடாப்ட். பாருங்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. முதலாவது சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது, பின்னால் 'டு' கேட்கும். இரண்டாவது தத்தெடுப்பது அல்லது ஒரு முறையை ஏற்பது, 'டு' வேண்டியதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் படிக்கும்போது புரியும், பரீட்சைத் தாளில் எது எது என்று நிற்கும். எகனாமிக், எகனாமிகல், கன்சிடரபிள், கன்சிடரேட், இண்டஸ்ட்ரியல், இண்டஸ்ட்ரியஸ் எல்லாம் இதே ரகம். இப்போது நான் செய்வது, அதிகம் புழங்கும் சொல்லை முதலில் தொடரோடு ஏற்றுவது. எகனாமிக் பாலிசி என்பது நாவில் பழகி உறுதியான பிறகுதான், சிக்கனமான வண்டி என்ற பொருளில் எகனாமிகல் கார். தனிச்சொல்லாக எதையும் எழுதுவதில்லை.

எது அதிகம் புழங்குவது என்பதை லாங்மேன் சிவப்பு மையில் காட்டிவிடும். 1978-இல் முதற்பதிப்பு வந்த அகராதி. சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் சொல்வதால், விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேட வேண்டாம். இணையப் பதிப்பு இலவசம், ஒலியும் உண்டு. ஒலி ஏன் முக்கியம் என்றால், கான்ட்ராக்ட், கான்ஃப்ளிக்ட், கண்டக்ட் போன்றவற்றில் முதல் அசையை அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதை அழுத்தினால் வினைச்சொல். நம் மொழியில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் காதால் கேட்டுப் பழகாமல் இது வராது. பட்டியல் புத்தகம் இங்கே முழுக்க வீண்.

ஆன்கி 2006-இல் வந்த செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. மறக்கப்போகும் நேரத்தில் அட்டையைத் திரும்பக் காட்டும் வேலையைக் குறைசொல்ல முடியாது. குறை வேறு இடத்தில்: ஒரே குறிப்பிலிருந்து பிறந்த அட்டைகளை அதே நாளில் காட்டாமல் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது, தனித்தனியாகச் சேர்த்த இரு சொற்கள் ஒன்றையொன்று குழப்புகின்றன என்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். திரும்பத் திரும்பத் தவறும் அட்டைக்கு அது 'லீச்' என்று முத்திரை குத்தும். நாம் மாற்றாதவரை எட்டுத் தவறு ஆனதும் குத்தும். என் லீச் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் இந்த ஜோடிகள்தான் இருக்கும். அதனால் ஜோடிச் சொற்களுக்கு ஒரு குறிச்சொல் போட்டு, இரண்டாவதை நிறுத்திவைத்துவிடுகிறேன். முதலாவதை ஆன்கி திரும்பக் காட்டும் இடைவெளி ஒரு மாதத்தைத் தாண்டியதும் அதைத் திறந்துவிடுவேன்.

தேர்வுக்கு இன்னும் சில வாரம்தான் என்பவர்களுக்கு இந்த இடைவெளி கட்டுப்படியாகாது. அவர்கள் முன்னொட்டுக் கூட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜோடிகளில் முந்தைய வினாத்தாள்களில் வந்தவற்றை வாக்கியத்தோடு பார்த்தால் போதும். பட்டியல் புத்தகம் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. டபிள்யூ பக்கமும் ஜி பக்கமும் நன்றாகவே பயன்படும்.