டேர்த் என்றால் பஞ்சம்: கிரிம் கதைகளோடு மூன்றரை வருச ஆங்கிலம்

நான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியது வேலைக்காக. கிளிநொச்சிப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் குழுவொன்றில் ஒன்பது வருசமாக வேலை செய்கிறேன். முழந்தாளில் நின்று, முகக்கவசத்துக்குள்ளால் பார்த்துப் பார்த்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிற வேலை. அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. ஆனால் குழுத் தலைவியாக வரவேண்டுமென்றால் நாளாந்த அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையில் ஆங்கிலத்துக்கு ‘எஸ்’, அதாவது ஆகக் குறைந்த சித்தி, எடுத்தவள். அந்த ‘எஸ்’ஸும் எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது.

முப்பது நாளில் ஆங்கிலம் பேசச் சொல்லித்தரும் புத்தகம் ஒன்று வாங்கினேன். போனில் ஒரு செயலியும் போட்டேன். ஆப்பிள் சாப்பிடுகிற பையன், பால் குடிக்கிற பெண் என்று மூன்று மாதம் போனது. இரவில் படித்த சொல் காலையில் இருக்காது. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். “உனக்குச் சின்னனிலை கேட்ட கதையில எது இன்னும் ஞாபகம் இருக்கு?” என்று கேட்டார். அம்மம்மா சொன்ன நல்லதங்காள் கதை என்றேன். பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி கஞ்சியும் கொடுக்காமல் விரட்ட, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுகிற அந்தக் கதை. “அப்ப உனக்கு இருட்டுக் கதைதான் சரி” என்றார். கூட்டன்பர்க் திட்டத்தின் இணையத்தளத்திலிருந்து, ஜெர்மனியில் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதைகளை என் போனில் இறக்கித் தந்தார். காசில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய மொழிபெயர்ப்புகள் அவை.

முதலில் வாசித்தது ஹான்சலும் கிரெட்டலும். முதல் மூன்று வசனத்துக்குள்ளேயே நான்கு இடத்தில் நின்றேன். ‘ஹார்ட் பை’ என்று தொடங்குகிறது. ஹார்ட் என்றால் கடினம் என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே அது ‘மிகக் கிட்ட’. பெரிய காட்டுக்கு மிகக் கிட்ட ஒரு விறகுவெட்டி ‘ட்வெல்ட்’, அதாவது குடியிருந்தான். அந்த நாட்டில் ‘டேர்த்’ வந்தது. அவனால் அன்றாட ரொட்டியை ‘புரொக்கியூர்’ செய்ய, தேடிக்கொள்ள, முடியவில்லை.

டேர்த். அகராதியைப் பார்த்தேன்: பஞ்சம், அருமைப்பாடு. இரவில் தகப்பனும் அவன் மனைவியும் படுக்கையில் கிடந்தபடி பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவது பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பசியில் நித்திரை வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். 2009இல் எனக்கு பத்தொன்பது வயது. அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சியை அம்மா எத்தனை பேருக்குப் பிரிப்பதென்று அப்பாவோடு பதுங்குகுழிக்குள் மெல்லப் பேசியதை நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு டேர்த் என்ற சொல்லை நான் எந்தக் கொப்பியிலும் தேடவில்லை. அது என்னை விட்டுப் போகவேயில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றரை வருசம் கழித்து இந்த முறை எனக்கு ஏன் பலித்தது என்று கேட்டால் இதுதான் பதில். சொல் ஒட்டுவதற்கு ஒரு இடம் வேண்டும். பயம், பசி, காடு, வீட்டைவிட்டு ஓடுவது எல்லாம் வன்னியில் எங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில் போய் விழுகிற சொல் நிற்கிறது. இந்த முறையால் வருகிற சிக்கலும் அதே இடத்தில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் செய்தது இப்படி. ‘நாங்கள்’ என்றால் நானும் என் பெறாமகளும். அக்கா 2009இல் போய்விட்டாள். பிள்ளை கைக்குழந்தையிலிருந்து என்னிடம்தான். கிழமைக்கு ஒரு கதை. முதல்நாள் இரவு வாசிக்காமல் கேட்போம். லிப்ரிவொக்ஸ் என்ற தளத்தில் தொண்டர்கள் வாசித்துப் பதிந்த ஒலிக்கோப்புகள் இலவசமாக இருக்கின்றன. அடுத்தநாள் எழுத்தில் வாசிப்போம். பன்னிரண்டு சொல்லுக்கு மேல் கோடு போடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. அதற்கு மேல் போட்டால் கதை செத்துவிடும். பிறகு தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதுவோம். தமிழ்க் கருத்தை மட்டும் எழுதுவதில்லை, கதையில் அது யாரிடம் இருந்தது, என்ன செய்தது என்பதையும் எழுதுவோம். ‘ஹீல்: இரண்டாவது சகோதரி சப்பாத்துக்குள் கால் கொள்ளவில்லையென்று கத்தியால் வெட்டியது.’ ‘டோ: மூத்தவள் வெட்டியது.’ கத்தியைக் கொடுத்தது தாய். சின்ட்ரெல்லாவின் இந்தப் பகுதி படத்தில் வராது. இதை வாசித்தபிறகு குதிக்காலுக்கும் கால்விரலுக்கும் ஆங்கிலம் கேட்டால் பிள்ளை நித்திரையிலும் சொல்வாள். அதே கதையில் சாம்பலுக்குள் கொட்டப்படும் ‘லென்டில்ஸ்’ நாங்கள் தினமும் கறி வைக்கிற பருப்புத்தான் என்று அறிந்தபோது அவளுக்கு வந்த சந்தோசம் தனி.

கடைசி வேலை, கதையைப் புத்தகம் இல்லாமல் ஆங்கிலத்தில் சொல்வது. நான் சொல்ல அவள் கேட்பாள், அவள் சொல்ல நான் கேட்பேன். கிணற்றடியில், பஸ்சுக்கு நிற்கும்போது, எங்கேயும். ஒரு கிழமை கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை. இன்றைக்குக் கொப்பியில் நானூற்றுச் சொச்சம் சொற்கள் இருக்கின்றன. போன மாதம் அவள் என்னை முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். நான் தடுமாறியது முப்பதுக்குள்தான்.

எந்த மாதிரிச் சொற்களுக்கு இது நல்லது என்றால், வீடு, உடம்பு, காடு, கைவேலை. கொளுக்கி, வாசற்படி, அடுப்படி, கோடாரி, முள்வேலி, திரிகைக்கல் இதெல்லாம் வந்துவிடும். அதைவிட, உடம்பில் நடப்பவற்றுக்கான வினைச்சொற்கள். பயம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவன் அதைக் கற்றுக்கொள்ளப் புறப்படுகிற கதை ஒன்று உண்டு. கதை முழுக்க ‘ஷடர்’ என்ற சொல் வந்துகொண்டேயிருக்கும். தூக்கில் தொங்கும் பிணங்களுக்குக் கீழே இரவு முழுக்க நெருப்பு மூட்டிக்கொண்டு இருந்தும் அவனுக்கு அது வராது. கடைசியில் ராசகுமாரி, வாளித் தண்ணீரைச் சின்ன மீன்களோடு நித்திரையில் கிடந்தவன் மேல் ஊற்றுவாள். அப்போதுதான் வரும். இந்தக் கதையை வைத்து ‘ஷிவர்’, ‘ட்ரெம்பிள்’, ‘ஷடர்’ மூன்றையும் நாங்கள் இரண்டு கிழமை பிரித்துப் பார்த்தோம். குளிரில் உடம்பு வெடவெடப்பது ஷிவர். கை கால் நடுங்குவது ட்ரெம்பிள். ஷடர் என்பது ஒருமுறை உலுக்கிவிட்டுப் போவது, அருவருப்பும் பயமும் சேர்ந்து மேல் கூசுமே, அது. என் வேலையில் கை ட்ரெம்பிள் ஆகக்கூடாது. ஷடர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு, சில நாட்களில் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு அகராதியைவிட நன்றாகத் தெரியும்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது சரியான பகிர்வாகாது. முதல் குறை பழைய மொழி. முதல் ஆங்கில மொழிபெயர்ப்பை எட்கர் டெய்லர் 1823இல் கொண்டுவந்தார். மார்கரெட் ஹன்ட் 1884இல் இரண்டு பாகமாக முழுவதையும் மொழிபெயர்த்தார். நூறு வருசத்துக்கு மேற்பட்ட ஆங்கிலம். வேலைக்கான விண்ணப்பத்தில் என் முகவரிக்கு முன்னால் ‘ஐ ட்வெல்’ என்று எழுதிக் கொடுத்தேன். பயிற்சியாளர் சிரிக்காமல் ‘லிவ்’ என்று திருத்திவிட்டார். அதற்குப் பிறகு கொப்பியில் பழஞ்சொற்களைச் சிவப்புப் பேனையால் எழுதுகிறோம். சிவப்பு வாசிப்பதற்கு, நீலம் எழுதுவதற்கும் பேசுவதற்கும். இரண்டாவது, அறிக்கைக்குத் தேவையான சொல் எதுவும் இதில் கிடைக்காது. அவற்றை நான் பழைய அறிக்கைகளைப் பார்த்துத்தான் படித்தேன். ஆனால் வசனம் எப்படி ஓடும் என்பது கதையில் வந்தது. மூன்றாவது, இந்தத் தொகுப்பில் யூதர்களை இழிவுபடுத்தும் கதை ஒன்றும் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

இனி அந்தச் சிக்கல். ஒன்றரை வருசம் போனபிறகு அயலிலிருந்து ஐந்து பிள்ளைகள் பின்னேரத்தில் வரத் தொடங்கினார்கள். நான் ‘ஜூனிப்பர் மரம்’ கதையைச் சொன்னேன். மாற்றாந்தாய் பையனைக் கொன்று சமைத்துவிடுகிறாள். தகப்பன் தெரியாமல் சாப்பிடுகிறான். தங்கை எலும்புகளைப் பொறுக்கிப் பட்டுத்துணியில் கட்டி மரத்தடியில் வைக்கிறாள். வந்த பிள்ளைகளில் ஒரு பையனுடைய தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர். அவனுடைய அப்பம்மா, 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில், கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் மற்றத் தாய்மாரோடு போய் இருந்தவர். எலும்பு பொறுக்குகிற இடம் வந்ததும் அவன் எழும்பிப் போய்விட்டான். இரண்டு கிழமை வரவில்லை. அது என் பிழை. என் கையில் இருந்த கதையின் பாரம் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதை நான் தனியே வாசித்த இரவில் எனக்கே பாதியில் போனை வைக்கவேண்டி வந்தது.

அவன் வீட்டுக்குப் போய் அப்பம்மாவோடு கதைத்தேன். அவர் கோபிக்கவில்லை. “பிள்ளையைக் கேட்டுப்போட்டுச் சொல்லு மகள்” என்றார். அன்றிலிருந்து எந்தக் கதையையும் தொடங்குமுன் அதில் என்ன நடக்கும் என்று தமிழில் நான்கு வரி சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்பவர் வேறு கதை எடுக்கலாம். அவன் திரும்பி வந்து எடுத்தது ஹான்சலும் கிரெட்டலும். பிள்ளைகள் கடைசியில் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதால் எடுத்ததாகச் சொன்னான்.

பெறாமகள் கேட்ட கேள்வியையும் எழுதவேண்டும். ‘ஸ்டெப்மதர்’ என்ற சொல்லுக்கு அகராதியில் மாற்றாந்தாய், சிற்றன்னை என்று இருந்தது. கொப்பியை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்துவிட்டு, “சித்தி, சிற்றன்னை எண்டா நீங்கள்தானே?” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் தமிழில் தாயின் தங்கையும் சித்தி, தகப்பனின் இரண்டாம் தாரமும் சித்தி. ஆங்கிலத்தில் அப்படியில்லை, நான் அவளுக்கு ‘ஆன்ட்’ என்று சொன்னேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் நான் ரீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொன்னேன். கிரிம் சகோதரர்கள் 1812இல் முதல் பாகத்தை வெளியிட்டபோது ஸ்னோ வைட்டைக் கொல்லச் சொல்பவளும், ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விடச்சொல்பவளும் பெற்ற தாய்தான். பிறகு வந்த பதிப்புகளில்தான் அவளை மாற்றாந்தாயாக மாற்றினார்கள். 1857இல் வந்த ஏழாம் பதிப்பில் எல்லாம் மாறிவிட்டது. “அப்ப சித்திமாரில பழியைப் போட்டிட்டினம்” என்றாள். கொப்பியில் அந்தச் சொல்லுக்கு எதிரே அவள் எழுதியது எனக்கும் அவளுக்கும் மட்டும்.

மூன்றாவது வருசம் எதிர்ப்பக்கமாகவும் தொடங்கினோம். எங்கள் கதையை ஆங்கிலத்தில் எழுதுவது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கதையைத்தான் முதலில் எடுத்தோம். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்க்கிற பிள்ளைகளிடம் ஒரு கிழவி வருகிறாள். பொங்கித் தரச் சொல்கிறாள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்தண்ணீரை ஊற்றச் சொல்கிறாள். எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். பார்த்தால் தலை முழுக்கக் கண். நாங்கள் இதை நூறுமுறை கேட்டிருக்கிறோம், வைகாசிப் பொங்கலுக்கு நடந்து போயிருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் திரிக்குச் சொல் இல்லை, உப்புநீருக்குச் சொல் இல்லை, பேன் பார்ப்பதற்குச் சொல் இல்லை. ‘விக்’கும் ‘பிரைன்’னும் அன்றே கிடைத்தன. ‘டிலவுஸ்’ கிடைக்க இரண்டு நாள் போனது. தேவைப்பட்டுத் தேடிய சொல் என்பதால் அவை எங்கள் இரண்டுபேருக்கும் சொந்தப் பொருள் மாதிரி. இப்போது யானை கட்டிய அரியாத்தையின் கதையை எழுதுகிறோம். வேலப்பணிக்கன் ஒப்பாரி என்று எங்கள் பக்கத்தில் பாடுகிற கதை. ஒப்பாரிக்கு ‘லமென்ட்’ போதுமா என்று ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குப் போதாது.

வேலையில் நான் இப்போது குழுத் தலைவி. அறிக்கை நானே எழுதுகிறேன். பேச்சு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. கதை வாசித்துப் பேச்சு வராது, அதற்குப் பேசத்தான் வேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் ஹான்சலும் கிரெட்டலும், பிறகு சின்ட்ரெல்லா, பிறகு பயம் கற்கப் போனவன் கதை என்ற ஒழுங்கில் போங்கள். ஒலிக்கோப்புகளை வைஃபை உள்ள இடத்தில் ஒரேயடியாக இறக்கி வையுங்கள், டேட்டா மிச்சம். பிள்ளைகளோடு என்றால் நான்கு வரியில் முதலே சொல்லிவிடுங்கள். ஜூனிப்பர் மரத்தைக் கடைசிக்கு வையுங்கள், அதை வாசிக்கும்போது பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.