கடலூரில் கடலோரக் குடித்தனம்: புயலைவிடத் துருதான் படுத்துகிறது

கோயம்புத்தூரிலிருந்து கடலூருக்கு மாற்றலாகி வரப்போகும் நண்பன் ஒருவன், தேவனாம்பட்டினம் பக்கம் வீடு எடுக்கலாமா, புயல் வந்தால் என்ன கதி என்று கேட்டிருக்கிறான். போன வாரம்தான் எங்கள் ஏசியின் வெளி யூனிட்டைக் கழற்றிப் பார்த்தோம், அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் முடிந்தவரை நியாயமாகச் சொல்கிறேன்.

முதலில் புயல். இந்த ஊரில் காலக்கணக்கே 'தானேக்கு முன்னாடி, தானேக்கு அப்புறம்' என்றுதான் ஓடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த அந்தத் தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள். நாங்கள் வந்தது கஜாவுக்கு அடுத்த வருஷம். நிவரையும் ஃபெஞ்சலையும் இங்கேயே இருந்து பார்த்தாச்சு. புயலுக்கு நாலு நாள் முன்பே தகவல் வந்துவிடும், துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடுவார்கள், தெருவே ஒன்றாகத் தயாராகும். கீழ்வீட்டு அம்மாதான் எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்: மொட்டைமாடி டேங்க்கை நிரப்பி வை, காலியாக இருந்தால் காற்றில் பறந்துவிடும், தென்னையில் முற்றிய குலையையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடு, கையில் ரொக்கம் வை, கரண்ட் போனால் ஏடிஎம்மும் போகும். அப்புறம் இன்வெர்ட்டரைச் சிக்கனமாக ஓட்டினால் சமாளித்துவிடலாம்.

வெள்ளம் வேறு கதை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் அப்படியே நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் ஊரில் பலருக்குச் சேதம் வந்தது அதற்கும் அப்புறம்தான். சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரைபுரண்டு மேற்கிலிருந்து வந்து வீடுகளுக்குள் புகுந்தது. அதனால் வீடு பார்க்கிறவர்கள் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், தென்பெண்ணையும் கெடிலமும் எவ்வளவு தூரம், ஃபெஞ்சலில் இந்தத் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்றும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை.

சரி, இப்போது துரு. புயல் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. உப்புக் காற்று தினமும். ஏசி குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றப் பார்த்தால் ஸ்க்ரூ ஒன்றுகூட அசையவில்லை, தலையெல்லாம் கரைந்து ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவே இல்லை, கடைசியில் கிரைண்டர் வைத்து அறுத்தார். உள்ளே காயிலின் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டின. செப்புக் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை, கேஸ் மொத்தமும் போய்விட்டது. விற்கும்போது 'நீலப் பூச்சு போட்ட காயில், கடற்கரைக்கென்றே செய்தது' என்று சொன்ன கடைக்காரரிடம் போனால், உப்பரிப்புக்கு வாரண்டி கிடையாதாம். கடற்கரை ஊரில் கடை வைத்து, கடற்கரைக்கு ஏற்றது என்று சொல்லி விற்றுவிட்டு இப்படிச் சொல்வது அநியாயம்.

மெக்கானிக் சொன்ன ஒரு விஷயம் முக்கியம். வெயில், மழை படக்கூடாது என்று யூனிட்டை சன்ஷேடுக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். அங்கேதான் துரு சீக்கிரம் பிடிக்குமாம். திறந்தவெளியில் இருந்தால் மழை அவ்வப்போது உப்பைக் கழுவிவிடும், மறைவில் படிந்த உப்பு அங்கேயே இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு அரிக்கும். போய் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன், அதே கதைதான்: மழை படும் கீழ்ப்பாதி பரவாயில்லை, மறைவில் இருக்கும் மேல்பாதி செதில் செதிலாக உரிந்திருக்கிறது. இனி வாரம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் காயிலைக் கழுவப்போகிறேன். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம்.

கேட், கீல், பைக் சைலன்சர், சிலிண்டர் வைத்த இடத்தில் தரையில் பழுப்பு வளையம் என்று பட்டியல் நீளும். எவர்சில்வர் என்று நம்பிக் கைப்பிடி, கொடிக்கம்பி வாங்குகிறவர்கள் கிரேடு கேளுங்கள். 202 இங்கே நிற்காது, 304கூடப் பழுப்படிக்கும், 316தான் தாங்கும், விலையும் அப்படித்தான். பழைய வீடு என்றால் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். பூச்சு உப்பியிருந்தாலோ கம்பி தெரிந்தாலோ வாடகை குறைவு என்று மயங்க வேண்டாம்.

இவ்வளவு சொல்லிவிட்டுக் காற்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியும், ஆனால் கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது கடற்காற்று உள்ளே நுழைவது வேறு அனுபவம். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று மூன்று மணி வரைகூட வராது. அந்த நாட்கள் கொடுமை, வேர்வை காயவே காயாது. வந்துவிட்டால் அரைமணியில் வீடு குளிர்ந்துவிடும். 'காத்து திரும்பிடுச்சு' என்று கீழ்வீட்டு அம்மா மாடிப்படியிலிருந்து குரல் கொடுப்பார், தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கும். அந்த நேரத்துக்காகவே என் அம்மா மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டார்.

நண்பனுக்கு என் பதில்: கடலோரம் வேண்டாம், கேப்பர் மலைப் பக்கம் பார். மேடு, வெள்ளம் ஏறாது, உப்பும் குறைவு. கடலோரக் குடித்தனத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் இந்த வாரம் என்னால் கொடுக்க முடியும். நாங்கள் வீடு மாறப்போகிறோமா என்று கேட்காதே, மாறவில்லை. புது யூனிட்டைச் சன்ஷேடை விட்டுத் தள்ளி, மழை படும்படி மாட்டச் சொல்லியிருக்கிறேன்.