பனி சும்மா பெய்யக் கூடாது: மலையூர்த் துப்பறியும் நாவல்களை வாங்குமுன்

டிசம்பர் புழுக்கத்தில் டர்பனில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கூரை வரை பனி மூடிய ஊரில் நடக்கும் கொலைக்கதையைப் படிப்பது தனிச் சுகம். அதனால்தான் டர்பன் தமிழர் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதி வீடுகளில் இந்த வகைப் புத்தகம் கைமாறிக் கைமாறி ஓடுகிறது. சிக்கல் என்னவென்றால், அட்டையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஒரு மரவீடு, ஜன்னலில் மஞ்சள் விளக்கு, வாசலில் ஒரு பூனை. எல்லா அட்டையும் ஒரே மாதிரி. உள்ளே இருக்கும் சரக்கில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. 250 முதல் 320 பக்கம், முதல் 50 பக்கத்துக்குள் ஒரு சடலம், ரத்தத்தை விவரிக்காத எழுத்து, போலீஸ்காரர் அல்லாத ஒருவர் துப்புத் துலக்குவது. களம் கொலராடோவோ யூட்டாவோ ஆல்ப்ஸோ, பனிச்சறுக்குக்கு ஆள் வரும் ஊர். இப்படிப்பட்ட ஊரைத் தேர்ந்தெடுப்பதில் எழுத்தாளருக்கு ஒரு வசதியும் உண்டு. சாதாரணச் சிற்றூரில் பத்துப் புத்தகத்துக்குப் பத்துக் கொலை விழுந்தால் ஊரே காலியாகிவிடும். சுற்றுலா ஊரிலோ வாரம் ஒரு புது முகம் வந்து இறங்குகிறது. செத்தவரும் வெளியூர், சந்தேகப்படுகிறவர்களில் பாதிப்பேரும் வெளியூர்.

இந்த நாவல்களுக்கு எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: பனி கதையில் வேலை செய்கிறதா, அட்டைக்கு அலங்காரமாக மட்டும் கிடக்கிறதா?

தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் மார்கழிப் புல்நுனி ஈரமும் ஊட்டி மூடுபனியும் ஆல்ப்ஸின் வெண்பனியும் அடங்கிவிடுகின்றன. கொலைக்கதையில் இவை நேர் எதிர். மூடுபனி ஆளை மறைக்கும். வெண்பனி ஆள் போனதைப் பதிந்து வைக்கும். ஊட்டி, கொடைக்கானல் மர்மக் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் அந்தக் கண்ணோடு இந்த நாவல்களுக்குள் போனால் பாதித் தடயத்தைத் தவறவிடுவார்கள். பனி எப்போது நின்றது என்று ஆசிரியர் மணியோடு சொன்னால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். காலடித் தடம் அதற்கு முன்பா, பின்பா என்பதில்தான் கதையே நிற்கும்.

தடத்தில் நல்ல எழுத்தாளர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம். புதுப்பனியில் கால் வைத்தால் அந்த இடம் மட்டும் அழுந்தி இறுகிவிடும். பிறகு பலமான காற்று வீசினால் சுற்றியுள்ள இளகிய பனி அரித்துப் போய், இறுகிய தடம் மட்டும் மேடாக எழுந்து நிற்கும். பள்ளமாக இருந்த காலடி, சிறு பீடம்போல் மாறிவிடும். மேடான தடத்தைக் கண்டால் அது காற்றுக்கு முன் பதிந்தது என்று பொருள். வானிலையைக் கவனித்து வைத்திருக்கும், துப்புத் துலக்கும் பேக்கரிக்காரம்மாவுக்கு இது போதும், ஆய்வுக்கூடமே வேண்டாம். சத்தத்துக்கும் கணக்கு உண்டு. மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போனால் பனி காலடியில் கிறீச்சிடும். சற்றே வெப்பம் கூடினால் அந்த ஒலி வராது. இரவில் கிறீச்சொலி கேட்டதாக ஒருவர் சொல்ல, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியதாக இன்னொருவர் சொன்னால், ஒருவர் பொய் சொல்கிறார்.

தடத்தை அச்செடுக்கும் காட்சியில் பலர் சறுக்குகிறார்கள். அச்சுக்கலவையை நேராக ஊற்றினால், அது இறுகும்போது கிளம்பும் சூட்டிலேயே பனி உருகித் தடம் கெட்டுவிடும். பனித் தடத்துக்கென்றே உள்ள மெழுகை முதலில் மெல்லப் பீய்ச்சி, அது படிந்த பிறகு குளிர்ந்த நீரில் குழைத்த கலவையை ஊற்ற வேண்டும். இந்த ஒரு வரி சரியாக இருந்தால் ஆசிரியர் விசாரித்து எழுதியிருக்கிறார் என்று நம்பலாம்.

மோசமான புத்தகத்தைக் காட்டிக்கொடுக்கும் இடம் இறந்த நேரம். சாதாரண அறையில் சடலம் மணிக்குச் சுமார் 0.8 டிகிரி செல்சியஸ் குளிரும் என்பது பழைய தோராயக் கணக்கு. பனியில் கிடந்த சடலத்துக்கு அது பொருந்தாது. குளிரில் உடல் விறைப்பது தாமதமாகும். உறைந்துபோன உடலை மெதுவாக உருகவிட்ட பிறகுதான் பிரேதப் பரிசோதனை செய்ய முடியும், அதற்கே சில நாட்கள் பிடிக்கும். காலையில் பனியிலிருந்து தோண்டியெடுத்து, மாலையில் "நேற்றிரவு ஒன்பதரைக்கு இறந்தார்" என்று மருத்துவர் சொன்னால் புத்தகத்தை மூடிவிடலாம். இன்னொன்று: குளிரில் கிடந்த உடலின் தோலில் இளஞ்சிவப்புத் திட்டுகள் வரும், கார்பன் மோனாக்சைடு நச்சிலும் கிட்டத்தட்ட அதே நிறம். வெளியே விறைத்துச் செத்தாரா, பனியால் புகைபோக்கி அடைபட்ட வீட்டுக்குள் செத்து வெளியே கொண்டுவந்து போடப்பட்டாரா? இந்தக் குழப்பத்தை நேர்மையாகப் பயன்படுத்தும் நாவல் கிடைத்தால் விடாதீர்கள்.

பனிச்சரிவையும் பாருங்கள். கூச்சல் போட்டு மலையைச் சரிய வைப்பது கட்டுக்கதை. குரலுக்கு அந்த வலு கிடையாது. சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் நிகழ்கின்றன. சிக்கியவரோ கூட வந்தவரோதான் பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுகிறார். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்குப் பிறகு வாய்ப்பு சடசடவென்று இறங்கும். ஆகவே புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க உடலில் கட்டிப்போகும் தேடுகருவியின் பேட்டரியைக் கழற்றி வைப்பது உண்மையிலேயே கொலை. அந்தச் சதியில் வைத்த கதைகள் நன்றாக நிற்கின்றன.

பாதை அடைபடுவது இந்த வகையின் உயிர்நாடி. இதில் தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகரை ஏமாற்ற முடியாது. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 சாலையே மூடப்பட்டதை நாம் பார்த்தோம். முதலில் ஒரு லாரி ஏற்றத்தில் வழுக்கி நிற்கும், அடுத்தது அதன் பின்னால், பிறகு பனியள்ளும் வண்டிகூட உள்ளே நுழைய முடியாது. "பனி பெய்தது, பாதை அடைபட்டது" என்று ஒரே வரியில் கடந்துபோகும் ஆசிரியர் அந்தக் கட்டாயத்தை உணர்ந்து எழுதவில்லை. யூட்டாவின் ஆல்ட்டா போன்ற ஊரில் சரிவு அபாயம் மிகுந்தால் கட்டடத்தைவிட்டு வெளியே வரவே தடை போடுவார்கள். 2021 பிப்ரவரியில் அப்படி ஏறக்குறைய 60 மணி நேரம் அடைந்து கிடந்தார்கள். கொலையாளியும் சாட்சியும் ஒரே கூரைக்கு அடியில், வெளியே கால் வைத்தால் சட்டப்படி குற்றம். இதைவிடப் பொருத்தமான களம் எங்கே கிடைக்கும்?

போலீஸ் ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் வேண்டும். கொலராடோவின் பெரும்பாலான மாவட்டங்களில் மரண விசாரணை அதிகாரி தேர்தலில் ஜெயித்து வருகிறவர். மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வெளியாள் மூக்கை நுழைக்க இது நியாயமான இடைவெளி. நுழைகிறவரின் தொழிலும் கதவு திறக்கும் தொழிலாக இருக்க வேண்டும். எங்கள் முதல் தேர்வு, பூட்டிய பங்களாக்களைப் பராமரிப்பவர். இருபது வீட்டுச் சாவி அவர் கையில். ஆளில்லாத வீட்டில் குழாய் உறையாத அளவுக்கு மட்டும், பத்துப் பன்னிரண்டு டிகிரியில் சூடு வைப்பார்கள். தெருவில் எல்லாக் கூரையிலும் பனி ஒரு முழம் கிடக்க, பூட்டிய ஒரு வீட்டின் கூரையில் மட்டும் உருகி ஓடு தெரிந்தால்? உள்ளே யாரோ தங்கியிருக்கிறார்கள். ஒற்றைத் தடயம், கண் முன்னால், விளக்கமே தேவையில்லை.

கொலை நேரத்தில் மலையேற்றும் நாற்காலி லிஃப்டில் இருந்தேன் என்று யாராவது அலிபி சொன்னால் ஒரு பென்சிலை எடுங்கள். புதுவகை நாற்காலி லிஃப்ட் விநாடிக்கு 5 மீட்டர் போகும், பழையது அதில் பாதி. 1,500 மீட்டர் தூரத்துக்கு முன்னதில் 5 நிமிடம், பின்னதில் 10 நிமிடம். ஆசிரியரின் கணக்கு இதோடு ஒத்துப்போகாவிட்டால் முடிச்சு அவிழும் இடத்தில் ஏமாற்றம்தான்.

இந்த நாவல்கள் பலவற்றின் கடைசியில் வரும் சமையல் குறிப்புகளை நம்பித் தீபாவளிக்கு இறங்குமுன் ஒரு எச்சரிக்கை. வெண்ணெய் ஒரு ஸ்டிக் என்றால் 113 கிராம். நம் 500 கிராம் கட்டியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது நமக்கு 180. இவை எளிது. உண்மையான வில்லங்கம் உயரம். 2,400 மீட்டர் ஊரில் காற்றழுத்தம் குறைவு, மாவு சட்டென்று உப்பி அமுங்கிவிடும். அதனால் அங்கே பேக்கிங் பவுடரையும் சர்க்கரையையும் குறைத்து, நீரைக் கூட்டி எழுதியிருப்பார்கள். அதை அப்படியே கடல் மட்டத்து டர்பனில் செய்தால் கேக் எழும்பாது, நடுவில் களியாக நிற்கும். ஒரு கப் மாவுக்கு அரை டீஸ்பூன்தான் பேக்கிங் பவுடர் என்றிருந்தால் மலைக் கணக்கு என்று சந்தேகப்படுங்கள். ஒன்று, ஒன்றேகால் வரை ஏற்றுங்கள், நீரைச் சற்றுக் குறையுங்கள். 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஜோகன்னஸ்பர்க் உறவினர்களுக்கு இவ்வளவு மாற்றம் வேண்டாம். தட்டைப் பிஸ்கட்டுகளுக்கு எங்கேயும் பயமில்லை.

தொடரை முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். மூன்றாவதில் சிரித்துக்கொண்டு காபி ஊற்றுகிறவர் முதலாவதில் கொலையாளியாக இருக்க முடியாதே. சந்தேகப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். வரிசை எண் முதுகிலோ உள்பக்கத்திலோ இருக்கும்.

பழைய பிரதி என்றால் முகர்ந்து பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் ஏறும், பக்கத்துப் புத்தகத்துக்கும் தொற்றும். சிறு அளவுப் பேப்பர்பேக்கில் முதுகுப் பசை காய்ந்து வெடித்திருக்கும். அதை 180 டிகிரிக்கு விரித்துப் பார்க்காதீர்கள், பாதியளவு திறந்து ஒளியில் பிடித்தாலே விரிசல் தெரியும். முதலில் உதிர்வது கடைசித் தாள்கள்தான், ஆகவே காசு கொடுக்குமுன் கடைசி அத்தியாயத்தின் பக்க எண்களை மட்டும், வரிகளைப் படிக்காமல், எண்ணிவிடுங்கள்.