கூகுள் ஷீட்ஸ் கணக்கு கடைக் கணினியில் இறங்க மூன்று வழி: எது யாருக்கு?

குலசேகரத்தில் ஒரு ரப்பர் பால் கொள்முதல் கடை என்று வைத்துக்கொள்வோம். தேதி, பெயர், பால் எடை, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பர் அளவு) சதவீதம், தொகை என ஐந்து பத்திகளை மொபைலிலேயே கூகுள் ஷீட்ஸில் ஏற்றுகிறார்கள். மழையில் நெட் போனாலும் மறுநாள் பட்டுவாடா நிற்கக் கூடாது என்றால், தினமும் ராத்திரி ஒரு நகல் கடைக் கணினியில் இறங்கியிருக்க வேண்டும்.

மிக எளிது எக்ஸ்போர்ட் இணைப்பு. ஷீட் முகவரியில் 'எடிட்' என்று வரும் இடத்தில் 'எக்ஸ்போர்ட்', ஃபார்மேட் சி.எஸ்.வி. (பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எழுத்துக் கோப்பு), தாளின் ஜி.ஐ.டி. எண் (முகவரியில் 'gid=' என்பதற்குப் பின் வருவது) ஆகியவற்றைப் போட்டு, இணைய முகவரியிலிருந்து கோப்பை இறக்கும் கர்ல் (curl) கட்டளையால் இறக்கினால் ஒரே வரியில் வேலை முடியும். கூகுள் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும்போது (ரீடைரக்ட்) பின்தொடரும் 'எல்' (-L) ஆப்ஷனை விட்டுவிட்டால் தரவு வராது. இணைப்பு கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம் என்று ஷீட்டைத் திறந்துவைக்கவும் வேண்டும். மூடியிருந்தால் கணக்குக்குப் பதில் லாகின் பக்கம் அதே சி.எஸ்.வி. பெயரில் வந்து உட்காரும். பிழைச் செய்தி வராது. ஆகவே முதல் வரியில் 'தேதி' என்ற தலைப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டே பார்க்கட்டும்.

இதைவிடப் பெரிய கோளாறு, திரையில் தெரிவது மட்டுமே இறங்கும் என்பது. டி.ஆர்.சி. 34.6%. ஷீட்டில் தசமம் காட்டாமல் வைத்திருந்தால் நகலில் 35% என்று விழும். 40 கிலோ பாலுக்கு உலர் ரப்பர் 13.84 கிலோ, நகலை வைத்துக் கணக்கிட்டால் 14 கிலோ. ஒரே ஆளுக்கு, ஒரே நாளில் 160 கிராம் தப்பு. தோவாளைப் பூ விலைப்பட்டியல் போல ஊருக்கே தெரிந்த தகவலுக்கு இந்த வழி போதும். விவசாயியின் பெயரும் பணமும் இருக்கும் கணக்குக்கு ஆகாது.

அதற்குப் பைத்தான் நிரல்மொழியும், ஷீட்ஸைப் படிக்க உதவும் அதன் ஜிஸ்பிரெட் (gspread) நூலகமும்தான் சரி. கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்ட் தொடங்கி, ஷீட்ஸ் ஏ.பி.ஐ.யை (நிரல்கள் ஷீட்டை அணுகும் வாசல்) இயக்கி, சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு அல்ல, நிரலுக்கான கூகுள் கணக்கு) உண்டாக்கி, அதன் கடவுச்சொல் போன்ற ஜேசான் சாவிக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த அக்கவுன்ட்டின் மின்னஞ்சலுக்கு, பார்வையாளராக மட்டும், ஷீட்டைப் பகிர வேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். மறந்தால் 403 (அனுமதி இல்லை) என்ற பிழை வரும். வடிவமைக்காத மதிப்பைக் கேட்டால் 0.346 அப்படியே கிடைக்கும். ஆனால் தேதியும் எண்ணாகிவிடும்: 45000 என்றால் 2023 மார்ச் 15. தேதியை மட்டும் எழுத்தாகத் தரும்படி தனியே கேட்கலாம். கட்டம் கட்டமாகப் படிக்காதீர்கள். ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60 கோரிக்கைதான், தாண்டினால் 429 (கோரிக்கை மிகுதி) என்ற பிழை. முழுத் தாளையும் ஒரே அழைப்பில் வாங்குங்கள். சாவிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது.

மூன்றாவது, ஷீட்டோடு சேர்த்தே எழுதிவைக்கும் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். இது கூகுளின் கணினியில் ஓடுவதால் நம் வட்டில் நேரே எழுதாது. டிரைவில் கோப்பாக வைக்கும், அந்தக் கோப்பு ஆஃப்லைனிலும் இருக்கும்படி அமைத்திருந்தால் டிரைவ் செயலி அதைக் கீழே இறக்கும். ராத்திரி கடைக் கணினி அணைந்திருந்தாலும் டிரைவில் நகல் தவறாது என்பது இதன் பெரிய பலம். தினமும் புதுக் கோப்பு உருவாக்கினால் ஒரே பெயரில் முப்பது கோப்பு சேரும்; பழையதன் உள்ளடக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். 'மணி, அருமனை' என்று பெயரில் காற்புள்ளி இருந்தால் மேற்கோள் குறி நாமே போட வேண்டும், இல்லையேல் எடை டி.ஆர்.சி. பத்திக்கு நகர்ந்துவிடும்.

எந்த வழியானாலும், எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் உடைந்தால் கோப்பின் தொடக்கத்தில் பி.ஓ.எம். (எழுத்துகள் யூ.டி.எஃப்-8 முறையில் உள்ளன என்று எக்செலுக்குச் சொல்லும் குறி) இல்லை என்று பொருள், பைத்தானில் யூ.டி.எஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுத்து எழுதுங்கள். கணினியில் ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதும் வந்த பிறகே பெயர் மாற்றுங்கள். பாதியில் நெட் அறுந்தாலும் நேற்றைய நகல் பத்திரமாக இருக்கும்.