ஆமையா, கிளியா, இகுவானாவா? வன்னியில் மீட்பு விலங்குக் காப்பகம் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

காப்பகம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் காணியில் இருந்துதான் கணக்குப் போடுவார்கள்: எத்தனை ஏக்கர், கிணறு இருக்கா, ஏ9 வீதியில் இருந்து எவ்வளவு தூரம் என்று. என்ன விலங்கு வரும் என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். இது பின்னுக்குப் பிடித்த கணக்கு. எந்த விலங்கை ஏற்பது என்று முடிவானால்தான் எந்த மண், எந்தச் சுவர், எத்தனை ஆள், எந்தச் சட்டப் பதிவு என்பதெல்லாம் முடிவாகும்.

வீட்டில் ஆசைக்கு வளர்த்துப் பிறகு சமாளிக்க முடியாமல் கைவிடப்படும் அந்நிய விலங்குகளில் மூன்று வகையை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்: சல்காட்டா எனப்படும் ஆபிரிக்கத் தரை ஆமை, பச்சை இகுவானா (மரத்தில் வாழும் பெரிய பல்லி இனம்), பெரிய கிளிகள் (பஞ்சவர்ணக்கிளி, ஆபிரிக்கச் சாம்பல் கிளி). மார்மொசெற் போன்ற சின்னக் குரங்குகளைக் கணக்கில் எடுக்கவில்லை. கூட்டமாக வாழ்வதற்குப் பிறந்த விலங்கைத் தனியே அடைத்து வைத்துப் பராமரிப்பு என்று சொல்ல முடியாது. புதிய காப்பகம் அவற்றை மறுப்பதே நல்லது.

மாரியும் சோளகமும்

2022 மார்கழியில், மண்டோஸ் புயல் நேரத்தில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரிலும் மழையிலும் விறைத்துச் செத்தன. பரம்பரையாக இந்த மண்ணில் மேய்ந்த மாட்டுக்கே அந்த நிலை என்றால், வெளியில் இருந்து வந்த விலங்குக்கு எப்படி என்பதுதான் முதல் கேள்வி. மூன்று வகைக்கும் விடை வேறு வேறு.

சல்காட்டா ஆமை சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பைச் சேர்ந்தது. வன்னியின் ஆனி, ஆடி வெயிலும் சோளகக் காற்றும் அதற்குச் சொந்த வீடு மாதிரி. ஆனால் அதன் ஊரில் மழை வெக்கைக் காலத்தில் பெய்யும். இங்கே மழை வாடைக் காற்றோடு, குளிரோடு வரும். ஈரமும் குளிரும் ஒன்றாகச் சேர்வதுதான் இந்த ஆமைக்கு ஆகாது. மூக்கில் சளி வடியும், வாயைத் திறந்து மூச்சு விடும், நுரையீரல் அழற்சியில் முடியும். இன்னொரு ஆபத்து, அது தானே தோண்டும் வளை. சில மீற்றர் நீளத்துக்கு வளை தோண்டும். ஐப்பசி மழையில் அந்த வளை நிரம்பும்போது உள்ளே கிடக்கும் ஆமை வெளியே வராது, மூழ்கிச் சாகும். 2018 மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பார்த்தவர்களுக்கு ஒரு இரவில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே புரட்டாதி முடிவதற்குள் வளை வாய்களைக் கல் வைத்து அடைத்து, ஆமைகளை மேடான கொட்டிலுக்கு மாற்ற வேண்டும். கொட்டில் தரை அந்த இடத்தில் நினைவில் உள்ள வெள்ள மட்டத்தை விட 45 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்கட்டும். ஏறும் சரிவு நான்கடி நீளத்துக்கு ஓரடி உயரத்தை மிஞ்சக் கூடாது. சீமெந்தை மினுக்காமல் சொரசொரப்பாக விடுங்கள். உள்ளே வெப்பம் 27 பாகைக்குக் கிட்ட நிற்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு பெரிய வெப்ப பல்பைத் தொங்கவிடுவது பலரும் செய்யும் பிழை. பெரிய ஆமையின் ஓட்டு உச்சி மட்டும் கருகும், வயிறும் காலும் குளிர்ந்தே இருக்கும். குறைந்த வாற்றுள்ள பீங்கான் வெப்பிகள் மூன்று நாலை இடைவெளி விட்டுப் பரவலாகப் பூட்டுவதே சரி. புயலென்றால் மின்சாரம் போகும் என்பது தெரிந்ததுதானே. அப்போது 20 லீற்றர் கான்களில் சுடுதண்ணீர் நிரப்பி, சாக்கில் சுற்றி, ஆமைக்குப் பக்கத்தில் வைத்து, நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டு வரலாம். விறகடுப்பும் ஆளும் இருந்தால் போதும்.

இகுவானாவுக்கு இது நேர்மாறு. மழையும் ஈரப்பதமும் அதற்கு விருப்பம். அதன் கெட்ட காலம் சோளகம். காய்ந்த காற்றில் தோல் முழுதாக உரியாமல் விரலிலும் வால் நுனியிலும் வளையம் போல இறுகி நிற்கும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் கறுத்து விழும். உள்ளே சிறுநீரகமும் கெடும், அது தெரிய வரும்போது காலம் பிந்திவிடும். ஆனி தொடங்கி ஆவணி வரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, காலை 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும், இலைகளில் சொட்டும் அளவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாரியில் வேறு பிரச்சினை: வெயில் இல்லாத நாள்களில் அதற்குச் சமிபாடு நின்றுவிடும். தின்ற இலை வயிற்றிலேயே புளிக்கும். மூடம் போட்ட நாளில் சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள்.

கிளிகள் இரண்டு காலத்தையும் ஓரளவு தாங்கும். தகரக் கூரைதான் அவற்றுக்கு எமன். கூரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடி, தகரத்துக்கு மேல் கிடுகு வேய்ந்தால் உள் வெப்பம் நன்றாகக் குறையும். செட்டையை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் உடனே தண்ணீர் தெளிக்க வேண்டும்.

சுவரும் வலையும்

வளர்ந்த சல்காட்டா ஆண் 50 கிலோவைத் தாண்டலாம். அது வேலிக்கு அப்பால் எதையாவது கண்டால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் கம்பி வலை உதவாது, பார்வையை மறைக்கும் சுவர்தான் வேண்டும். 6 அங்குல சீமெந்துக் கல்லில் தரைக்கு மேல் 2 அடி, கீழே 2 அடி. சுவரின் உட்பக்கம் இரண்டடி அகலத்துக்குத் தட்டைக் கல் பதித்தால் அத்திவாரத்தை ஒட்டித் தோண்டாது. ஒரு வளர்ந்த ஆமைக்கு அரைப் பரப்புக் காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆணை ஒரே பட்டியில் விட்டால் ஒன்று மற்றதைக் கவிழ்க்கும். மத்தியான வெயிலில் கவிழ்ந்த ஆமை அன்று பின்னேரம் உயிரோடு இருக்காது.

இரண்டடி ஆழம் தோண்டுவது என்றதும் வன்னியில் இன்னொன்றும் நினைவுக்கு வர வேண்டும். காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் பெற்ற பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். மேலால் உழுது பயிர் செய்த காணி என்பது உத்தரவாதம் அல்ல. மண்ணிலும் வித்தியாசம் உண்டு: தண்ணீர் வடியும் செம்மண் ஆமைக்கு நல்லது, முருங்கன் பக்கத்துக் கரிய களி ஆகவே ஆகாது.

கிளிக்கூட்டில் செலவு முழுவதும் வலையில்தான். பஞ்சவர்ணக்கிளிக்கு 10 கேஜ், சாம்பல் கிளிக்கு 12 கேஜ் வெல்ட் மெஷ் (கேஜ் எண் குறையக் கம்பி தடிக்கும்). மெல்லிய வலையைப் பஞ்சவர்ணம் கம்பி கம்பியாகப் பிய்க்கும். புது நாகப் பூச்சு வலையில் தூளாக ஒட்டியிருக்கும் துத்தநாகத்தைக் கிளி நக்கி நஞ்சேறும். எனவே கட்டுவதற்கு முன் வினாகிரி ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு சோடிப் பஞ்சவர்ணத்துக்கு 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இரட்டைக் கதவு. அடியில் 60 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வழுவழுப்பான தகடு அடித்தால் எலியும், எலியைத் தேடி வரும் சாரையும் ஏறாது. மரநாய் இரவில் கூரை வழியாக வரும். அதற்கு மேல் வலையையும் விடாமல் பூட்ட வேண்டும்.

இகுவானாக் கூடு கட்ட இவற்றை விடச் சுலபம், செலவும் குறைவு. ஒரு விஷயம் மட்டும்: கண்ணாடியோ தெளிவான பிளாஸ்ரிக் தகடோ போட்டால் எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் உள்ளே வராது. வலை வழியாக நேர் வெயில் விழ வேண்டும்.

தீனி

ஆமைக்கு வன்னி ஒரு திறந்த களஞ்சியம். அறுகும் வீதியோரக் கினிப் புல்லும் வெட்டி வந்தால் போதும், 40 கிலோ ஆமைக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ அளவில். நாகதாளி மடல், செவ்வரத்தம் இலை இடைக்கிடை. கல்சியத்துக்குக் கடையில் மருந்து தேட வேண்டாம். கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை உப்புப் போகக் கழுவிக் காய வைத்துப் பட்டியில் போட்டால் தானே கடிக்கும். மாட்டுக்கு வளர்க்கும் சீஓ-3 புல்லை மட்டும் நிரந்தர உணவாக்காதீர்கள். ஒக்சலேற் கூடியது, கல்சியத்தைப் பிடித்து வைத்துவிடும். பழம் கொடுக்கவே கூடாது. பார்க்க வருகிறவர்கள் கையில் வாழைப்பழத்தோடுதான் வருவார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

கிளியில்தான் பணம் போகும். சூரியகாந்தி விதையையே தின்று வந்த கிளி கொழுத்திருக்கும், விற்றமின் ஏ இருக்காது. சாம்பல் கிளிக்குக் கல்சியம் குறைந்து வலிப்பு வரும். இறக்குமதிக் குளிசைத் தீனி நல்லதுதான், ஆனால் 2022 டொலர் நெருக்கடி மாதிரி இன்னொன்று வந்தால் அதை நம்பியிருக்கும் காப்பகம் திண்டாடும். பாதியாவது ஊர்ச் சாமானுக்குப் பழக்க வேண்டும்: முளைகட்டிய பயறு, குரக்கன், அவித்த வத்தாளைக் கிழங்கு, பூசணி, முருங்கையிலை, பப்பாசி. காய்ந்த மிளகாயும் கொடுக்கலாம், பறவைக்கு உறைப்புத் தெரியாது. பழைய தீனியில் இருந்து மாற்ற ஆறு கிழமையாவது பிடிக்கும், நிறையைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள்.

கச்சான் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வன்னியில் நன்கொடை என்றால் ஒரு சாக்குக் கச்சான் வந்து இறங்கும். மாரி ஈரத்தில் கோதுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, அந்த நஞ்சு கிளியின் ஈரலை அரிக்கும். நன்றி சொல்லி வாங்கி, வறுத்து, ஊழியர்களின் தேநீருக்கு வையுங்கள்.

இகுவானா இலை மட்டும் தின்னும். முருங்கை, செவ்வரத்தை, வத்தாளைக் கொழுந்து போதும். தீனிக் குவியலைப் பற்றி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெட்டிய புல்லும் வாழையும் மூன்று நாளுக்கு மேல் சேர்ந்தால் யானைக்கு அழைப்பிதழ்.

தப்பினால், பெருகினால்

தப்பிய சல்காட்டாவை அடுத்த காணியில் பிடித்துவிடலாம். தப்பிய கிளி பெரும்பாலும் பசியில் சாகும். தப்பிய இகுவானா பிழைத்துக்கொள்ளும், அதுதான் பயம். ஒரு ஈட்டுக்கு 20 முதல் 70 முட்டை. புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் தப்பியவை பெருகி அடக்க முடியாமல் போன கதை உலகறிந்தது. சுண்டிக்குளம் தேசிய பூங்காவுக்கோ குளக்கட்டுக்கோ கிட்ட இகுவானா வளர்ப்பது காப்பகத்தின் பெயரால் செய்யும் தீங்கு. ஏற்பதென்றால் ஆண் பெண் வேறாக, மேலும் கீழும் மூடிய கூட்டில். பெண் தனியே இருந்தாலும் முட்டை பிடிக்கும். ஈரமணல் இரண்டடி ஆழத்தில் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே நின்று சத்திரசிகிச்சை வரை போகும்.

ஆமை முட்டையைத் தோண்டி எடுத்து உறைய வைத்துவிட வேண்டும். கிளி முட்டையை எடுத்தால் திரும்ப இடும், ஆகவே அதே அளவு மர முட்டையை மாற்றி வையுங்கள்.

வைத்தியம்

பிரதேசத்துக்குப் பிரதேசம் அரச கால்நடை வைத்திய அலுவலகம் உண்டு, ஆனால் அங்கே நாள் முழுவதும் வருவது மாடும் ஆடும் கோழியும். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில், கிளிநொச்சியில் இருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர். இந்தத் தூரத்தை ஆமை தாங்கும், இகுவானா பெரும்பாலும் தாங்கும், கிளி தாங்காது. கிளி நோயை மறைக்கும். வாடி உட்கார்ந்தது கண்ணில் பட்டால் மிச்சம் இருப்பது மணித்தியாலக் கணக்கு. கிழமைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுவதுதான் ஒரே முன்னறிவிப்பு. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே வாகனம் பிடியுங்கள். கிளி பார்க்கும் ஊழியருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் ஆஸ்பத்திரியில் கிளி வளர்க்கும் இடத்தில் வேலை என்பதைச் சொல்ல வேண்டும். கிளிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும்.

ஆமைக் கொட்டில் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டியது: ஐவர்மெக்டின் போடக் கூடாது. மாட்டுக்கு வழமையாகப் போடும் அந்தப் பூச்சி மருந்து ஆமைக்கு உயிர்க்கொல்லி.

ஆயுளும் பதிவும்

சல்காட்டா 70 வருடம் இருக்கும், பெரிய கிளி 50 வருடம், இகுவானா 15, 20. முதல் இரண்டையும் ஏற்பவர் தன் ஆயுளுக்கு அப்பால் வாக்குக் கொடுக்கிறார். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவது ஒரு வழி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது மற்றது. பின்னதில் கணக்காய்வும் செயலாளர் செலவும் கூட, ஆனால் நிறுவுநர் போனாலும் காணியும் வங்கிக் கணக்கும் நிறுவனத்தின் பெயரில் நிற்கும். கிளிக்கும் ஆமைக்கும் அதுதான் பொருத்தம். கலைத்தால் விலங்குகள் யாரிடம் போகும் என்பதை அமைப்பு விதியிலேயே எழுதுங்கள். காணி உறுதிக் காணியா, பேர்மிற் காணியா என்றும் பாருங்கள். குடியேற்றத் திட்டத்துப் பேர்மிற் காணியை நினைத்தபடி நிறுவனத்துக்கு மாற்ற முடியாது.

வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து இல்லாமல் ஒன்றையும் உள்ளே எடுக்க வேண்டாம். சாம்பல் கிளி 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. ஆமை என்று சொல்லி நம் காட்டு நட்சத்திர ஆமையையும் கொண்டு வருவார்கள். அது பாதுகாக்கப்பட்ட உள்ளூர் உயிர், திணைக்களத்திடம்தான் போக வேண்டும். ஒரு இரவு கூட சல்காட்டாவோடு வைத்தால் ஒன்றின் நோய் மற்றதுக்குப் போகும்.

யாரை முதலில்

முதல் இரண்டு வருடம் ஆமை மட்டும், நாலுக்கு மேற்படாமல். கட்டும் செலவு ஒரே தடவை, தீனி இலவசம் மாதிரி, ஒரு ஆள் அரை நாளில் பார்த்துவிடுவார். இரண்டு மாரியை ஒரு சாவும் இல்லாமல் கடந்த பிறகு கிளியை யோசிக்கலாம், அதுவும் பத்துக் கிளிக்கு முழுநேர ஆட்கள் இரண்டு பேரின் சம்பளம் கையில் இருந்தால். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் கிளி தன் இறகைத் தானே பிடுங்கும். இகுவானா கட்ட மலிவு என்பதால்தான் பலர் அதில் தொடங்குகிறார்கள். நம் வரிசையில் அது கடைசி.

எந்த வகையானாலும், புதிதாக வரும் விலங்கை நோய் பரவாமல் தள்ளி வைக்கும் தனிமைக் கொட்டில் முதலில் கட்டப்பட வேண்டும். மற்றக் கூடுகளில் இருந்து 30 மீற்றராவது தள்ளி, தனி வாளி, தனிச் செருப்பு, ஒரு நாளின் கடைசி வேலையாக. கிளிக்கு 45 நாள், ஆமைக்கும் இகுவானாவுக்கும் 90 நாள். இடையில் புதிதாக ஒன்று சேர்ந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றில் இருந்து தொடங்கும்.