பிரசவ அறைக் கழிவு: புதைப்பதா, எரிப்பதா, வண்டியில் அனுப்புவதா?

மாதம் இருபது முப்பது பிரசவம் பார்க்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஏறக்குறைய அரைக் கிலோ நஞ்சுக்கொடி, ரத்தம் ஊறிய பஞ்சு, கையுறை, டிரிப் குழாய், ஊசி எல்லாம் மிஞ்சும். புதன்கிழமை தடுப்பூசி போட்டால் சிரிஞ்சும் காலி மருந்துக் குப்பிகளும் தனியாகச் சேரும். அளவு பெரிதில்லைதான். ஆனால் இதை எங்கே கொண்டு போடுகிறோம் என்பது அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் காற்றையும் தொடுகிற விஷயம். நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு, நான்கும் ஒரே தரத்தில் இல்லை.

முதலில் எரிப்பதைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அது வேண்டவே வேண்டாம். கட்டடத்துக்குப் பின்னால் டிரம்மிலோ செங்கல் அடுப்பிலோ போட்டுக் கொளுத்தினால் போதுமான சூடு வராது. 2016 உயிர் மருத்துவக் கழிவு விதிகள் எரி உலைக்குக் கேட்பது முதல் அறையில் 800 டிகிரி, இரண்டாம் அறையில் 1050 டிகிரி, அங்கே வாயு குறைந்தது 2 நொடி தங்க வேண்டும், புகைபோக்கி 30 மீட்டர் உயரம். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தால் இது முடியும்? குறைந்த சூட்டில் பிவிசி மாதிரி குளோரின் உள்ள பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது புல்லில் படிந்து, மாட்டுப்பால், முட்டை, மீன் வழியாக நம் உடல் கொழுப்பில் தங்கி, கடைசியில் தாய்ப்பால் வரைக்கும் வருகிறது. இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தாய்ப்பால் கொடுங்கள் என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் இடத்திலிருந்தே அந்தப் புகை கிளம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது புதைப்பது. நஞ்சுக்கொடிக்கு மட்டும் என்றால் இது மோசமான வழி இல்லை, மண்ணே மக்க வைத்துவிடும். ஆனால் எங்கே தோண்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விதிப்படி குழி சுமார் 2 மீட்டர் ஆழம், பாதி வரைக்கும்தான் கழிவு, ஒவ்வொரு முறை போட்டதும் 10 செ.மீ. மண், நாய் பன்றி நுழையாதபடி மூடி. முக்கியமானது இது: குழியின் அடிமட்டத்துக்குக் கீழே குறைந்தது 6 மீட்டர் தள்ளித்தான் நிலத்தடி நீர் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தரையிலிருந்து 8 மீட்டர். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு மேலே வந்து நிற்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே இந்தக் குழியை நினைத்தே பார்க்கக் கூடாது. சவ்வாது மலை, கல்வராயன் மலை மாதிரி இடங்களில் கேள்வியே வேறு, வண்டி நேரத்துக்கு மேலே ஏறி வருமா என்பதுதான். விதியும் புதைப்பதை அப்படி எட்டாத இடங்களுக்கு மட்டும், அனுமதி வாங்கிய இடத்தில் மட்டும்தான் விடுகிறது.

இன்னொன்று, பலர் நல்லது என்று நினைத்துக் குழியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறார்கள். கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும், அப்புறம் போட்டது அப்படியே கிடக்கும். அந்தக் குழியில் ஊசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் அது மக்கும் குழியே இல்லை.

மூன்றாவது ஆட்டோகிளேவ். நீராவியில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் சிரிஞ்சு, குழாய், கையுறை எல்லாம் தொற்று நீங்கிவிடும், நறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்பலாம், புகையும் இல்லை. எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் கரண்ட் வேண்டும், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும், சரியாக வேலை செய்கிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடியை இதில் போட முடியாது. பல மருத்துவமனைகளின் கழிவை ஒரே இடத்தில் கையாளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 75 கி.மீ. தூரத்துக்குள் இருந்தால் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள விதியும் இடம் தராது. ஆக, இது பெரும்பாலும் தூரத்து ஊர்களுக்கான வழி.

நான்காவது, அந்தப் பொது நிலையத்துக்கு வண்டியில் அனுப்புவது. சமவெளியில் இருக்கும் நிலையங்களுக்கு என் தேர்வு இதுதான், யோசிக்கவே வேண்டாம். டீசல் செலவாகிறதே என்பார்கள், ஆனால் வண்டி எப்படியும் அந்தத் தடத்தில் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. உடல் உறுப்புக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வண்டி ஒரு நடை தவறினால் அந்தக் கழிவைப் போட்டு பொது நிலையத்தின் எரி உலைக்கு அனுப்பும் மஞ்சள் பை வெயிலில் நாறும். (அதற்காகத் தடுப்பூசி வைக்கும் ஃப்ரீசரைத் திறந்துவிடாதீர்கள், தனிப் பெட்டி வாங்குங்கள், நோயாளர் நலச் சங்க நிதியில் கேட்டுப் பார்க்கலாம்.) பை எங்கே போய்ச் சேருகிறது என்ற கண்காணிப்பும் வேண்டும். 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கொட்டிக் கிடந்ததும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு லாரிகளில் திரும்ப அள்ளிப் போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பார்கோடு ஒட்டி, எடை போட்டு, பதிவேட்டில் எழுதுவதை வெட்டி வேலை என்று நினைக்கும் ஊழியர்களுக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் பிரசவ மேசை பக்கத்திலேயே பிரிக்காவிட்டால் நான்கும் ஒன்றுதான். சுகாதார நிலையங்களில் சேரும் குப்பையில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டுப் பொட்டலமும் பிஸ்கட் கவரும் மஞ்சள் பையில் விழுந்தால், அத்தனைக்கும் சேர்த்து எரி உலை எரிகிறது. ஊசியை ஹப் கட்டரில் வெட்டி வெள்ளைப் பெட்டியில், சிரிஞ்சு சிவப்பில், கண்ணாடிக் குப்பி நீலத்தில், இதை அந்த இடத்திலேயே செய்துவிட வேண்டும்.

அப்படிப் பிரிக்காமல் போனால், பிறகு கையை விட்டுப் பிரிப்பது தூய்மைப் பணியாளர் அக்காதான். அவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. உங்கள் ஊர் நிலையத்தில் போட்டிருக்கிறார்களா, தடிமனான கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று அடுத்த முறை குழந்தைக்கு ஊசி போடப் போகும்போது மருத்துவ அலுவலரிடமே கேளுங்கள்.